தீவாந்தரம் போன பாட்டனாரைத் தேடி

குடும்பத்தின் கொடிவழியை எழுதப் புகுவோர் பலரும் ஏதாவது ஒரு தலைமுறையில் வந்து தயங்கி நிற்பதுண்டு. அங்கே ஒரு பெயர் இருக்கும். அப்பெயருக்குரியவருக்குத் தகப்பனார் உண்டு, கலியாணம் உண்டு, பிள்ளைகள் உண்டு, திவசம் மட்டும் இல்லை. "அவர் தீவாந்தரம் போய்விட்டார்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மேலே ஏதும் கேட்டால், "எழுந்திரு, இலை போட்டாயிற்று" என்பதுதான் மறுமொழியாக இருக்கும்.

பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்து, டில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் அந்தமானிலும் வாழும் நம்மவர் குடும்பங்களில் இத்தகைய பெயர்களைப் பற்றிய விசாரணை அண்மைக் காலமாகப் பெருகி வருகிறது. பள்ளியில் வம்ச விருட்சம் எழுதி வரச் சொல்கிறார்கள், குழந்தை கேட்கிறது, நமக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊருக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும் என்று பலரும் எண்ணியிருக்கின்றனர். உண்மை அவ்வாறன்று. கடல் கடந்து அனுப்பப்பட்டவர்களைப் பற்றி ஊர் மறந்துவிட்டது. மறக்க விரும்பியது என்றே சொல்லலாம். மறக்காமல் எழுதி வைத்தவன் வெள்ளைக்காரன். அவன் எழுதிய ஏடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், புதுடில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவிலும் இருக்கின்றன. டில்லி வாசகர்க்கு இவற்றுள் ஒன்று பஸ் ஏறிப் போகும் தூரத்திலேயே உள்ளது என்பதை நினைவூட்டுகிறோம்.

தேடப் புகுமுன் ஒரு செய்தியைத் தெளிவாக்கிக் கொள்வது நலம். தீவாந்தரம் என்றவுடன் நம் மனக்கண் முன் அந்தமானும் அதன் செல்லுலார் சிறையுமே தோன்றுகின்றன. ஆயின் அந்தமானில் நிலையான கைதிக் குடியேற்றம் தொடங்கியது 1858 மார்ச்சில்தான். டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்பவர் 200 கைதிகளோடு அவ்வாண்டு மார்ச் 10ஆம் நாள் அங்கு வந்து இறங்கினார். அம்முதற் கூட்டம் வடநாட்டுக் கிளர்ச்சியை ஒட்டித் தண்டிக்கப்பட்டவர்களைக் கொண்டது. செல்லுலார் சிறையோ அதற்கும் வெகு காலம் பின்னர், 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்டது. ஆகவே, 1880இல் அனுப்பப்பட்ட ஒருவர் அச்சிறையின் அறையில் அடைபட்டுக் கிடந்தார் என்று குடும்பத்தில் கதை வழங்குமானால், அதனை அப்படியே ஏற்க இயலாது. அச்சுவர்களுக்குச் செங்கல் சுமந்தவராக அவர் இருந்திருக்கக் கூடும். ஏனெனில் அதனைக் கட்டியவர்கள் கைதிகளே.

அந்தமானுக்கு முந்திய காலத்தில் சென்னை மாகாணக் கைதிகள் போனது கிழக்கே: சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பென்கூலன், பினாங்கு, பின்பு சிங்கப்பூர், மலாக்கா. 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பென்கூலன் கை மாறியது. அங்கிருந்த இந்தியக் கைதிகளை வேறிடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1825 ஏப்ரல் 18இல் சிங்கப்பூரில் இறங்கிய முதற்கூட்டத்தில் இருந்த 80 பேரும் சென்னை மாகாணத்திலிருந்து தண்டனை பெற்றுச் சென்றவர்கள். ஆகவே பாட்டனார் போன ஆண்டு ஏறக்குறையத் தெரிந்தாலே, எந்தத் திசையில் தேடுவது என்பது பாதி விளங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. தீர்ப்பில் தீவாந்தரம் என்று எழுதப்பட்டவர் எல்லோரும் கப்பல் ஏறிவிடவில்லை. வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கட்கு 1908இல் திருநெல்வேலியில் விதிக்கப்பட்டது இரட்டைத் தீவாந்தர தண்டனை. மேல் முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவர் கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். செக்கிழுத்தது இந்த மண்ணில்தான். நாட்டுக்கே தெரிந்த ஒருவர் கதையில் இத்தகைய வேறுபாடு இருக்குமானால், பெயர் தெரியாத குடியானவர் கதையில் எவ்வளவு இருக்கும்! தண்டனையின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அந்தமான் ஏடுகளைப் புரட்டுவோர் ஏமாற நேரும். இத்தண்டனை நம் சட்டத்திலிருந்து நீங்கி, அதனிடத்தில் ஆயுட்காலச் சிறை என்னும் சொல் வந்தது 1956 ஜனவரி முதல் தேதியில்.

நம்மவருள் பெயரோடு தொடர்ந்து காணக்கூடிய மிகப் பழைய தீவாந்தரக் கதை துரைச்சாமியின் கதை. இதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1801இல் பாஞ்சாலங்குறிச்சியிலும் சிவகங்கைச் சீமையிலும் நடந்த போர் நம் வாசகர் அறிந்ததே. மருது சகோதரர்கள் அவ்வாண்டு அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். வீட்டின் ஆண்மக்களும் தப்பவில்லை. எஞ்சியவர்களுள் 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினர். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையாத் தேவர் அவர்களுள் ஒருவர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமி மற்றொருவர். துரைச்சாமிக்கு அப்போது வயது ஏறத்தாழ 15.

தூத்துக்குடியில் இவர்களைக் கப்பலேற்றும் பொறுப்பு ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரியின் கையில் இருந்தது. விதியின் விளையாட்டு என்று நம் பெரியோர் சொல்வார்களே, அதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டா. போருக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1795 வாக்கில், இதே வெல்ஷ் மதுரைப் பக்கத்தில் இருந்தபோது சின்ன மருதுவோடு நட்புப் பூண்டிருந்தார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுவே என்று அவர் நன்றியோடு எழுதியிருக்கிறார். தம் ஆசானின் மகனைத் தாமே கப்பலேற்ற வேண்டி வந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நமக்குத் துரைச்சாமி 15 வயதுப் பையனாகவே நின்றிருப்பார். 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனார். ஒரு நாள் அவர் தங்கியிருந்த இடத்திற்குள் உடல் தளர்ந்த கிழவர் ஒருவர் மெல்ல நடந்து வந்தார். யார் என்று வெல்ஷுக்கு விளங்கவில்லை. பெயர் கேட்டார். வந்தவர் சொன்ன பெயர் துரைச்சாமி. கணக்குப் பார்த்தால் அவருக்கு அப்போது 31, 32 வயதுதான் இருக்கும். பதினாறு ஆண்டுத் தீவு வாழ்வு அவரைக் கிழவராக்கியிருந்தது. தம் நினைவுகளை வெல்ஷ் 1830இல் இரண்டு பாகங்களாக இலண்டனில் வெளியிட்டார். அந்நூலில் இச்சந்திப்பு சில வரிகளில் வந்து போகிறது. பினாங்குக்குப் போன 73 பேரில், அங்கே எப்படி இருந்தார் என்று கண்ணாரக் கண்டவர் ஒருவர் எழுதி வைத்திருப்பது நாமறிய இந்த ஒருவரைப் பற்றித்தான். அதுவும் எழுதியவர் பகைவர் படையின் அதிகாரி. ஆவணம் என்பது யார் கையில் இருந்து வருகிறது என்பதைத் தேடுவோர் ஒவ்வொரு படியிலும் நினைவிற் கொள்ள வேண்டும். வெல்ஷின் மனம் இளகியது உண்மையே; ஆயினும் கப்பல் புறப்பட்டது.

அரசகுடும்பத்தார்க்கு ஒரு வெல்ஷ் இருந்தார். மற்றவர்க்கு? அவர்களுடைய வரலாறு கட்டடங்களில் இருக்கிறது. சிங்கப்பூரில் 1856க்கும் 1861க்கும் இடையில் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அதன் சுவர்களுக்கு வெண்பளிங்குபோல் மினுமினுப்பைத் தந்தது நம் சென்னைச் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் கை வைத்துப் பார்த்தவர்க்கு இத்தொழிலை விளக்க வேண்டியதில்லை. அக்கைதிகளை மேற்பார்த்த மேஜர் மெக்நேர் என்பவர் 1899இல் வெளியிட்ட நூலில் இச்செய்முறையை எழுதியிருக்கிறார். நூலின் பெயருக்கே, கைதிகள் தமக்குத் தாமே காவலர் என்பது பொருள். நன்னடத்தை உடைய கைதிகளையே மற்றவர்க்கு மேஸ்திரிகளாக நியமித்து வேலை வாங்கினார்கள். அதனால் சம்பளக் காவலர் குறைவாகவே தேவைப்பட்டனர். ஆங்கிலேயர் இதனைத் தம் நிர்வாகத் திறமை என்று பெருமையாக எழுதினர். சிக்கனம் என்று நாம் சொல்வோம்.

1849 வரை இன்னொரு கொடுமையும் இருந்தது. ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியில், அவர்கள் செய்த குற்றம் இன்னதென்று பச்சை குத்தினார்கள். வடநாட்டில் இதற்குக் கோத்னா என்று பெயர். அவ்வாண்டுச் சட்டத்தால் அது ஒழிந்தது. ஆனால் குத்தியதை அழிக்க முடியுமா? தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு எஞ்சிய நாளைக் கழித்தவர்கள் உண்டு. 1873இல் சிங்கப்பூரின் கைதித் துறை கலைக்கப்பட்டு, தண்டனை முடியாதவர்கள் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். ஆகவே சிங்கப்பூர் ஏட்டில் தொடங்கும் ஒருவருடைய கதை அந்தமான் ஏட்டில் முடிவதும் உண்டு.

அந்தமானில் வாழ்வின் படிகள் வகுக்கப்பட்டிருந்தன. காடு வெட்டல், சதுப்பு நிலத்தைத் தூர்த்தல், செங்கல் அறுத்தல் ஆகிய கடுவேலைகளில் ஆண்டுகள் கழியும். கழுத்தில் ஒரு மரவில்லை தொங்கும். அதில் எண்ணும், தீர்ப்பான நாளும், விடுதலை நாளும் பொறிக்கப்பட்டிருக்கும். நோயிலும் காய்ச்சலிலும் மாண்டவர் தொகை பெரிது. பத்தாண்டு போல் தாக்குப் பிடித்து நல்ல பெயர் எடுத்தவர்க்குத் தாமே உழைத்துப் பிழைக்கும் சீட்டு கிடைக்கும். அவர் நிலம் பெற்றுப் பயிரிடலாம், மாடு வளர்க்கலாம், பெண் கைதிகளுள் ஒருத்தியை அதிகாரிகள் அனுமதியோடு மணக்கலாம். இவ்வாறு அமைந்த குடும்பங்களில் சாதி வரம்புகள் தளர்ந்தன, மாகாண வேறுபாடு மங்கியது, இந்துஸ்தானி பொதுமொழியாயிற்று. அவர்கள் வழிவந்தோர் இன்றும் அத்தீவுகளில் 1942க்கு முற்பட்ட குடிகள் என்று தனித்துச் சுட்டப்படுகின்றனர். அவ்வாண்டு மார்ச்சில் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர்; 1945 அக்டோபரில்தான் ஆதிக்கம் மாறியது. அந்த மூன்றரை ஆண்டுகளில் உயிர்களோடு ஏடுகளும் பல அழிந்தன. எனவே, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு நேரே போய்த் தேடுவதைக் காட்டிலும், அங்கிருந்து இந்திய சர்க்காருக்கு எழுதிய கடிதங்களைப் புதுடில்லியில் தேடுவதே பெரும்பாலும் பயன் தருகிறது. உள்துறையில் போர்ட் பிளேர் கிளை என்றே தனித் தொகுதிகள் உள. 2015 முதல் அபிலேக் படல் என்னும் பெயரில் தேசியக் காப்பகத்தின் பட்டியலை இணையத்திலும் பார்க்கலாம்.

பார்க்கும்போது பெயரை நம்பித் தேடாதீர்கள். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். வெல்ஷே துரைச்சாமியை டோரா சாமி ஆக்கிவிட்டார். நம் ழகரம் அவர்கள் கையில் லகரமும் ரகரமும் யகரமும் ஆகும். முத்து, மாடன், சுப்பன், கறுப்பன் என்ற பெயர்களோ ஒரே ஆண்டில் டஜன் கணக்கில் வரும். கைதிப் பட்டியல்களில் தகப்பன் பெயர், சாதி, ஊர், உயரம், அங்க அடையாளம், குற்றம், தீர்ப்பளித்த கோர்ட்டு, நாள் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். இவற்றுள் ஊரும் கோர்ட்டும் ஆண்டுமே உறுதியான பிடிகள். ஜில்லாவையும் அக்காலப்படி பார்க்க வேண்டும்: இராமநாதபுரம் ஜில்லா பிறந்ததே 1910இல்தான்; அதற்கு முந்திய வழக்கு மதுரை அல்லது திருநெல்வேலித் தொகுதியில் இருக்கும்.

இனி, ஏடு அகப்பட்ட பின் நேர்வது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். தேடுகிற எல்லோரும் உள்ளூர ஒன்றை விரும்புகின்றனர்: பாட்டனார் வெள்ளையனை எதிர்த்தவராக இருக்க வேண்டும். சிலர் அவ்வாறே இருந்தனர். பெரும்பாலோர் அவ்வாறு இருந்தவரல்லர். கொலை, கொள்ளை, தீ வைத்தல் என்பனவே பட்டியலில் நிறைந்திருக்கும். பஞ்ச காலத்தில் நெல் வண்டியை மறித்தவனும் கொள்ளைக்காரன் என்றே எழுதப்பட்டான் என்பது மெய். ஆனால் எல்லாக் கொலைக்கும் பஞ்சத்தைக் காரணம் காட்ட முடியாது.

நமக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். திருநெல்வேலிப் பக்கத்துக் குடியானவர்கள். இப்போது மூன்று தலைமுறையாக வடக்கே இருக்கிறார்கள். கொள்ளுப்பாட்டனாரின் தகப்பனார் ஒருவர் தாசில்தாரை அடித்துவிட்டுத் தீவாந்தரம் போனார் என்பது அவ்வீட்டுக் கதை. பேரன் ஒருவர் விடுமுறை நாட்களை எல்லாம் செலவிட்டுச் சென்னையில் தீர்ப்பைக் கண்டுபிடித்தார். தாசில்தார் எங்கும் இல்லை. வாய்க்கால் தண்ணீரைத் திருப்பியது பற்றி விடியற்காலையில் வயலில் எழுந்த சச்சரவில், மண்வெட்டியால் பங்காளி ஒருவரை வெட்டியிருக்கிறார். இறந்தவர் வழியினர் அதே ஊரில் மேலத்தெருவில் இன்றும் இருக்கின்றனர்.

பேரன் இதனைத் தம் அத்தையாரிடம் படித்துக் காட்டினார். அந்த அம்மையாருக்கு எண்பது கடந்துவிட்டது. வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மேலத்தெரு வீட்டில் மட்டும் கை நனைக்கக் கூடாது என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். ஏன் என்று கேட்டால் அடிப்பாள். அவளுக்கும் தெரியாது போல் இருக்கிறது" என்றார்கள். காரணம் அழிந்து, விலக்கு மட்டும் நான்கு தலைமுறை ஓடியிருக்கிறது! தீர்ப்பை ஊராருக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்று குடும்பத்தில் பெரிய வாதம் நடந்தது. எதற்குப் பழம் புண்ணைக் கீறுவது என்றனர் சிலர். கொல்லப்பட்டவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு, அவர்களும் தம் பாட்டனாரை அறிய உரிமை உடையவர்கள் என்றார் தேடிய பேரன். நம் கட்சியும் அதுவே. தன் வீட்டுப் பெயரை மட்டும் மீட்டு, எதிர் வீட்டுப் பெயரை ஏட்டிலேயே விட்டு வருவது நியாயமாகாது. முடிவில் அத்தையாரே மேலத்தெருவுக்குப் போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்பது நம் ஏட்டுக்கு உரியதன்று. காப்பி குடித்துவிட்டு வந்தார்கள் என்று மட்டும் அறிந்தோம்.

அதே தேடலில் இன்னொரு தாளும் கிடைத்தது. டில்லியில், போர்ட் பிளேர் கடிதங்களுக்கு இடையே, ஊரிலிருந்து அவர் மனைவி அனுப்பிய மனு ஒன்றின் ஆங்கிலப் பெயர்ப்பு இருந்தது. கணவர் போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன, பிள்ளைகள் சிறியவர்கள், இரக்கங்கொண்டு விடுவிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கடலுக்கு அக்கரையில் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், தாலியைக் கழற்றவும் வழியின்றி, பூச்சூடி நாலு பேர் முன் வரவும் மனமின்றி வாழ்ந்த பெண்கள் இப்படி எத்தனை பேரோ! செல்லுலார் சிறையின் காலத்திலேயே ஆண்டுக்கு ஒரு கடிதம்தான் கைதிக்கு அனுமதி. அதற்கு முன் எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர் வீட்டுக்கு என்ன செய்தி வந்திருக்கும்?

மனுவின் மேல் அதிகாரி எழுதிய குறிப்பு இரண்டு வரி. அக்கைதி இன்ன தேதியில் மருத்துவமனையில் இறந்துவிட்டபடியால் மேல் நடவடிக்கை வேண்டுவதில்லை என்பது அது. மனு எழுதப்படுவதற்கு முந்திய ஆண்டுத் தேதி.

குடும்பத்தார் அத்தேதியைப் பழைய பஞ்சாங்கக் கணக்கோடு ஒத்துப் பார்க்கச் சொல்லித் திதியைத் தெரிந்துகொண்டனர். ஆவணி மாதத் தேய்பிறை. அதுவரை மகாளய அமாவாசையில், திதி தெரியாதவர்களோடு சேர்த்து அவருக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டு வந்தார்கள். அந்த அம்மாளின் பெயரோ குடும்பத்தில் எவருக்கும் தெரியாமலே இருந்தது. ஆண் பெயர்களை மட்டுமே கொடிவழியில் எழுதி வைத்திருந்தனர். மனுவின் அடியில், கைநாட்டுக்குப் பக்கத்தில், குமாஸ்தா அதனை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து, உரக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, அது உலகம்மாள் என்று கண்டுகொண்டார்கள்.